மல்லிகா அக்காவின் சோளத்தில் புழு ஏன் சாகவில்லை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, செகிஞ்சான் நெல் வயல்களைப் படம் பிடிக்கத்தான் புக்கிட் பெருந்துங்கிலிருந்து கிளம்பினேன். போய்ச் சேரவில்லை. முதல் நாள் என் பெரியம்மா மகள் மல்லிகா அக்கா போன் செய்து, "தம்பி, அந்தப் பக்கம்தானே வர்ற? என் சோளத்த வந்து பாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றார். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடம் களைக்கு மருந்தடித்தவருக்கே விளங்காதது, ரவாங் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் எனக்கு எங்கே விளங்கப் போகிறது? இருந்தாலும் போனேன்.

காலை 6.50க்குப் புறப்பட்டேன். பத்தாங் பெர்ஜுந்தை வழியில் டோல் இல்லை, ஆனால் செம்பனை லோரிகளின் பின்னால் ஊர்ந்தே பொறுமை போய்விடும். வழியில் பசியாற நாசி லெமாக் சோற்றுக்கும் தே தாரிக் டீக்கும் சேர்த்து ஐந்து வெள்ளி அறுபது காசு. கோலா சிலாங்கூரைத் தாண்டி அக்காவின் நிலத்தில் இறங்கியபோது மணி 8.35, மீட்டரில் 74 கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. தாழ்வான காரில் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள், எனக்கு அடியில் இரண்டு முறை தட்டியது.

நிலம் இரண்டு ஏக்கர், அக்காவுடையது அல்ல. முதல் நடவை முழுக்கப் புழு தின்றுவிட்டது. இதுவும் போனால் நிலத்தைத் திருப்பி எடுத்து வாழை வைப்பதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு வேறு நிலமும் இல்லை, வேறு வேலையும் இல்லை.

முழங்கால் உயரச் செடிகளின் இலையெல்லாம் கந்தல். குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போல எச்சம், அதற்கடியில் கொழுத்த புழு. படைப்புழு என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய பூச்சியாம்.

என்னைக் குழப்பியது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மலாய்க்கார அண்டை வீட்டாரின் சோளம் பச்சைப் பசேலென்று நின்றது. ஒரே கடை விதை, ஒரே மருந்துப் போத்தல், ஒரே அளவு தண்ணீர். இரண்டு பேரும் அடிப்பதும் மாலை ஐந்து மணிக்குத்தான். போத்தல் போலியா, மண்ணில் கோளாறா, கண்பட்டதா என்று மதியம் வரை மண்டையைக் குடைந்தோம். இணையத்தில் தேடினேன், இன்னும் குழம்பினேன்.

சாயங்காலம் இருவரும் அடிக்க இறங்கினார்கள். வேறு வேலையில்லாமல் இரண்டு பக்கத்தையும் தள்ளி நின்று போனில் பிடித்தேன். பிறகு போட்டுப் பார்த்தால், அண்டை வீட்டார் பம்பு முனையைக் குருத்துக்கு நேர் மேலே பிடித்து ஊற்றுகிறார். அக்காவின் முனையோ கணுக்காலுக்கு மேல் ஏறவே இல்லை. ஒவ்வொரு செடியிடமும் இடது கை தானாக எழுந்து குருத்தை மறைக்கிறது.

"அக்கா, ஏன் கையால மூடுறீங்க?"

"எங்க மூடுனேன்?" என்றவர் வீடியோவை மூன்று முறை பார்த்தார். "தோட்டத்துல கன்னுக் குருத்துல ஒரு துளி பட்டாலும், வேலை வாங்குற மண்டோர் எல்லாரு முன்னாடியும் வச்சு கத்துவாரு, தம்பி. களை மருந்துல கன்னு செத்துரும்ல."

செம்பனைக் கன்றைக் காப்பாற்றிய கை, சோளத்தில் புழுவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அக்கா இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முனையைத் தூக்கினார். முதல் செடிக்குக் கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது வரிசையில்தான் கை பழகியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மருந்தடித்த வயலுக்குள் இறங்காதீர்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள், பக்கத்தில் கடை கிடையாது. எனக்குப் பெட்ரோல் போக வர இருபது வெள்ளிக்குள் முடிந்தது. விவசாயியிடம் "மருந்து அடிச்சீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், அடிப்பதைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

பத்து நாள் கழித்து அக்கா போனில் பேசினார். முன்பக்கம் பாதி தேறவில்லை, வெட்டிப் புதைத்தாயிற்று. பின்பக்கம் புதுக் குருத்து ஓட்டையில்லாமல் வருகிறது. உரிமையாளர் வந்தார், சுற்றிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

"அப்ப நிலம் இருக்கா, இல்லையா?" என்றேன்.

"அதான் எனக்கும் விளங்கல. வெட்டுன பாதியில மறுபடி விதை ஊனிட்டேன். கேட்டாத்தானே வேணாம்னு சொல்வாரு லா."