என் பெயரில் ஒரு லிக்கர் கார்டு

வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து துபாய் அல் குசைஸ் ரூமுக்கு வந்தால், படியேறும்போதே நெத்திலி அவியல் வாசம் மூக்கைத் துளைக்கும். மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து மெர்சி வைப்பாள். மெர்சி என் ரூம்மேட். என்னைப் போலவே குமரிக் கடற்கரைக்காரி, என்னோடு ஒரே கிளினிக்கில் நர்ஸ்.

ஆறு நாள் டூட்டி பார்த்த உடம்புக்கு, அந்தச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான்... வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

2000-களின் தொடக்கம் அது. துபாய்க் கடையில் பாட்டில் வாங்க லிக்கர் கார்டு வேண்டும். அதற்கு அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டணும், வருடா வருடம் புதுப்பிக்கணும். அதைக்கூடக் கட்டிவிடலாம். ஃபாரத்தில் கம்பெனி சீல் கேட்பார்கள், அங்கேதான் எல்லோரும் பின்வாங்குவார்கள். குடிக்கிற ஆள் என்று ஆபீஸில் தானே போய்ச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே!

அதனால் ஆண்கள் கார்டு கேட்காத அஜ்மான் கடைகளுக்குப் போவார்கள். டிக்கியில் அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்து, மதுவே கூடாத ஷார்ஜா வழியாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். எங்கள் கிளினிக் மேனேஜரும் அப்படித்தான். மார்த்தாண்டத்துக்காரர். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

எனக்கு அந்த ஒளித்து வைக்கிற வேலையெல்லாம் வராது. ஃபாரத்தை நிரப்பி அவர் மேஜையில் வைத்தேன்.

"கோயில்ல பாட்டுப் பாடுத பிள்ளைக்கு இது எதுக்கு?"

"குடிக்கதுக்கு சார்."

ஃபாரத்தைத் தள்ளிவிட்டார்.

ரூமில் மெர்சி தலையில் அடித்துக்கொண்டாள். "எட்டீ, கிறிஸ்மஸ் கேக்குக்குன்னு சொல்லு. ஒடனே சீல் அடிச்சுத் தருவாரு."

"எனக்குக் கேக்கு போடவே தெரியாதேட்டி!"

எதற்கு என்று அரசாங்கமே கேட்கவில்லை. சம்பளம் என்ன, மதம் என்ன, கட்டணம் கட்டினாயா... அதோடு விட்டுவிட்டது. இவருக்கு மட்டும் நான் ஏன் கேக் கதை சொல்ல வேண்டும்?

மறுநாளும் போய் நின்றேன். இந்த முறை அவர் வேறு இடத்தில் கை வைத்தார். "ஒனக்கு ஊருல மாப்பிள பாக்காவல்லா? இது வெளிய தெரிஞ்சா ஒரு பயலும் வரமாட்டான். ஒங்க அப்பாகிட்ட பேசட்டா?"

அப்போது எனக்கு ஒரு வரன் ஏறக்குறையப் பேசி முடிந்திருந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்த குடும்பம். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"பேசுங்க சார். நம்பர் நானே போட்டுத் தாறேன்."

ஸ்பீக்கரில் போட்டார். அப்பா கடலுக்குப் போய்விட்டு வந்து வீட்டில்தான் இருந்தார். மேனேஜர் சொல்லி முடித்ததும் அப்பா என்னிடம்தான் கேட்டார்.

"மக்களே, நீயா கேட்ட?"

"ஆமாப்பா."

"பின்ன என்ன சாரே? அவ சம்பாதிக்கா, அவ குடிக்கா. சீல அடிச்சுக் குடும்."

அடித்தார். மேஜையில் இருந்த டீ கிளாஸ் குலுங்கிற்று.

அந்த வரன் அந்த மாதமே கலைந்தது. யார் வாயிலிருந்து போயிற்று என்று எனக்குத் தெரியும். அம்மா போனில் அழுதாள். எனக்கும் சில நாள் சோறு இறங்கவில்லை, பொய் சொல்வானேன்? ஆனால் ஒரு கிளாஸ் ஒயினுக்கே ஓடிப்போகிறவன், நைட் டூட்டி பார்க்கிற நர்ஸோடு எப்படிக் குடித்தனம் நடத்தியிருப்பான்? போனது நல்லதற்கே.

பிறகு மஸ்கட் ரூவியில் ஏசி டெக்னீஷியனாக இருந்தவரைக் கட்டினேன். பெண் பார்க்க வந்த அன்றே கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். போட்டோவைப் பார்த்து, "இதுல எதுக்கு இவ்ளோ மொறைக்கிய?" என்று மட்டும் கேட்டார். முடிவு செய்துவிட்டேன்.

துபாயில் அதே கிளினிக்கில் இருந்துகொண்டே கார்டை வருடா வருடம் புதுப்பித்தேன். மேனேஜர் மாறவில்லை, நானும் மாறவில்லை. மகள் வயிற்றில் இருந்த வருடம் ஒரு சொட்டு தொடவில்லை. அந்த வருடமும் கட்டணம் கட்டி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று சீல் கேட்டேன். என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு அடித்துக் கொடுத்தார்.

இப்போது கார்டுக்குக் கட்டணமும் இல்லை, கம்பெனி சீலும் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண்கள், "இத்தன வருஷம் ஃபீஸ வேஸ்ட்டா கட்டியிருக்கீங்களே அக்கா!" என்று சிரிக்கிறார்கள். அவர்கள் யார் முன்னாலும் கையைக் கட்டி நிற்க வேண்டியதில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது...

ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அந்த மனுஷர் எனக்காக டிராயரைத் திறந்து சீலைத் தேடுவாரே, அந்த முகத்தைப் பார்க்க இரண்டு மடங்கு கேட்டிருந்தாலும் கட்டியிருப்பேன்.