வரப்போரம் ஒரு சிமெண்ட் அப்பா

படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அப்பா கடைசிவரை கேமரா முன்னால் நிற்கவே இல்லை. அவ்வளவு சிக்கனமாகச் சேர்த்து வைத்த ஆயுசு ஐம்பதைக்கூடத் தொடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் போனபோது எங்கள் வீட்டுச் சுவர் எதிலும் அவர் முகம் இல்லை. போகப் போக அந்த முகம் மறந்துவிடுமோ என்று அம்மா பயந்தாள். அவளுக்கு வேறு எந்தப் பயமும் இருக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டத்து வரப்போரம் அப்பாவுக்கு ஒரு சிமெண்ட் சிலை. அண்ணன் மேல் அத்தனை பாசம். நில உச்சவரம்புச் சட்டம் வந்து ஆளாளுக்குப் பூமி போய்க்கொண்டிருந்த சமயம். சிலை நிற்கிற இடத்தை எவனும் கேட்கமாட்டான் என்பது பாசத்தோடு கூடவே வந்த யோசனை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிடைத்த சிற்பி வாழ்நாளெல்லாம் முனியப்பனையே செய்தவர். "ஒல்லி மொகமுங்க, மீசை கெடையாதுங்க, சிரிச்சா ஒரு பக்கம் கோணுமுங்க" என்று அம்மா சொல்லச் சொல்ல, பக்தியோடு தலையாட்டினார். ஆனால் வேலை செய்தது கையல்லவா? துணியை விலக்கியபோது உருட்டி விழித்த கண்ணும், காதுவரை முறுக்கிய மீசையும், கையில் அரிவாளுமாக ஒருவர் நின்றிருந்தார். நாய் குரைத்தாலே வீட்டுக்குள் வந்துவிடுகிற என் அப்பா!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, எங்கப்பா மாதிரியே இல்லீங்களே?" என்றேன்.

சிற்பி கோபப்படவில்லை. "கோயில் தூண்ல ராசாக்கமாரு கும்பிட்டு நிக்கறாங்கல்ல கண்ணு, அத்தனை பேருக்கும் ஒரே மூக்குத்தான். ஆராச்சும் வந்து கேட்டாங்களா?"

சிற்பக் கலையின் சரித்திரத்தை நான் கற்றது அவ்வளவுதான். இன்றும் யாராவது தூணைக் காட்டி மன்னரின் முகக்களையை வியந்தால் வாயைத் திறப்பதில்லை.

ஊருக்கோ பரம திருப்தி. முதல் அமாவாசைக்கே சுருட்டு வைத்தார்கள். ஆடியில் சேவல் அறுத்தார்கள். அம்மாவும் தினமும் போய் விளக்கேற்றினாள். வேறு எங்கே போவாள்?

வருடத் திவசத்தன்று சித்தப்பாவுக்கே மனம் இரங்கியது. "நங்கை, சிற்பியக் கூப்புட்டு அந்த மீசைய எடுத்துப்போடச் சொல்லட்டுங்களா? அண்ணன் மூஞ்சி எப்படீன்னு இன்னொருக்கா சொல்லுங்க" என்றார் அண்ணியான அம்மாவிடம்.

அம்மா கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை.

"வேண்டாமுங்க தம்பி" என்றாள். "எனக்கும் இப்ப இந்த மீசைக்காரருதான் வர்றாருங்க."