கோபுரம் தெரிந்த தூரத்தில்

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்த தம்பி பிழைக்க வேண்டுமென்று நேர்ந்து, ஜெர்மனியில் நானிருக்கும் ஊரிலிருந்து இங்கேயே உள்ள அம்மன் கோயிலுக்கு நடந்தே போனேன். கோபுரம் தெரியும்போது மனைவி போனில் அழுதாள்.

“இஞ்சாருங்கோ, தம்பி போயிட்டான். கோயிலுக்குள்ள போகாதேங்கோ, துடக்கெல்லோ.”

அர்ச்சனைத் தேங்காயோடு பஸ் தரிப்பிடத்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். தரிப்பிடத்துக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு ஜெர்மன்காரி தண்ணீர் கொண்டுவந்தா.

“கோயில் இதிலதானே, ஏன் போகேல்லை?”

“தம்பி செத்திட்டான். சாவு நடந்தால் எங்களுக்கு உள்ளே போக ஏலாது.”

அவ பக்கத்தில் வந்து இருந்தா. “அவரைப் பற்றிச் சொல்லுங்கோ.”

பந்தடித்துப் பக்கத்து வீட்டுக் கூரை ஓடு ஒன்றை உடைத்துவிட்டு, “அண்ணைதான் உடைச்சவர்” என்று என்னை மாட்டிவிட்டவன் என்றேன். அவ சிரித்தா. நானும் சிரித்தேன், பிறகு வாய்விட்டு அழுதேன். அவ எழும்பிப் போகவில்லை.

யாழ்ப்பாணம் போக எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வாங்கில்தான் தம்பிக்கு நான் செத்தவீடு செய்தேன். வந்தவ அவ ஒருத்திதான்.