அத்தை கூட்டிப் போட்ட ஆறு

நான் முதன்முதலில் கையெழுத்துப் போட்டது ஒரு கோல்ப் அட்டையில். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் பெயரைச் சாய்த்தும் சுழித்தும் எழுதிப் பழகியிருந்தேன். கடைசி எழுத்தின் வாலை இழுத்துக்கொண்டு போய்ப் பெயருக்கு அடியில் ஒரு கோடாக முடிப்பது என்று தீர்மானம். அந்த வாலைச் சரியாக இழுக்கும் கவனத்தில், எதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்று பார்க்கவில்லை. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று இன்று என் மகளுக்குச் சொல்லும்போது அவள் சிரிக்கிறாள். கதை அவளுக்குத் தெரியும்.

இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அம்மாவும் மாமாவைக் கட்டிய அத்தையும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். மாமா மகள் என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். அந்த எட்டு மாதத்தை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை, என்னை மறக்கவிட்டதும் இல்லை.

அப்பாவுக்குக் கொழுந்துக் காட்டில் வேலை இல்லை. லயத்துக்குக் கீழே, வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட கோல்ப் கிரவுண்டில் புல் வெட்டும் மெஷின் ஓட்டினார். யானை வந்துபோன மறுநாள் அதன் காலடிப் பள்ளங்களை மண் போட்டு மூடுவதும் அவர் வேலைதான். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்று பள்ளி விட்டு வந்ததும் லயத்துப் பிள்ளைகள் அங்கே போகலாம் என்று ஒரு சலுகை உண்டு. குழியைச் சுற்றியிருக்கும் இளம்புல்லில் ஷூ போட்டு மிதிக்கக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. எங்கள் யாரிடமும் ஷூ கிடையாது என்பதால் அதை நாங்கள் மிக ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

யாரோ ஒரு ஆபீசர் ஒடித்துப் போட்ட இரும்பு மட்டையை அப்பா அறுத்துக் குட்டையாக்கி, பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தார். எனக்கும் மாமா மகளுக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான். ஓடையில் பொறுக்கிய பந்துகளைத்தான் அடித்தோம். எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலி ஓரம் உட்கார்ந்து ஆபீசர்கள் அடிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். அதில் ஒரு பெரிய ஆபீசர், அடிப்பதற்கு முன் இடுப்பை மூன்று முறை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். அதுவும் விளையாட்டின் விதி என்று நம்பி, நாங்களும் ஒரு வருடம் முழுக்க மூன்று முறை ஆட்டிவிட்டுத்தான் அடித்தோம்.

அந்த வருடம் கிளப்புக்குப் புதிதாக ஒரு செகரட்டரி வந்தார். லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைக்கப் போவதாக அவர் அறிவித்தார். ஆறு குழி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு; முடிவில் அவரவர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பரிசு, சிறுவர்களுக்கென்றே செய்த புது மட்டை. ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால், சிவப்புப் பிடியோடு சாய்த்து வைத்திருந்தார்கள். நானும் மாமா மகளும் தினமும் பள்ளியிலிருந்து சுற்றுவழியாக வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். மொத்தம் ஏழெட்டுப் பிள்ளைகள் போட்டியில் இருந்தாலும் எங்கள் இரண்டு பேரையும் விட்டால் பந்தை ஒழுங்காக அடிப்பவர் கிடையாது. ஆகவே நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஜெயிக்கிறவளுக்குப் புதுசு, தோற்கிறவளுக்குப் பழசு முழுசாக. யார் ஜெயித்தாலும் இனிமேல் ஆளுக்கு ஒரு மட்டை. எங்கள் கணக்கில் பரிசு ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது.

இங்கே கொழுந்துக் காட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் எடை போடும் இடத்தில் பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நிற்பார்கள். உடம்புக்கு முடியாதவள், பிள்ளைத்தாய்ச்சி என்று யாருக்காவது அன்றைய எடை குறையும் என்று தெரிந்தால், மற்றவர்கள் கடந்து போகிற போக்கில் தங்கள் சாக்கிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி அவள் சாக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். கை போடுவது என்று அதற்குப் பெயர். போடுகிறவள் சொல்ல மாட்டாள். வாங்குகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து மலையைப் பார்ப்பார். அந்த மழைக்காலத்தில் அத்தை ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டு பிரித்த பிறகும் அவளால் கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. விரலாலேயே கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அம்மா ஒரு நாள் தவறாமல் அவள் சாக்கில் கை போட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டி நாளன்று மேகம் இல்லை. ஆராதனைக்குக் கட்டிய சேலையோடு அம்மாமார்கள் கிரவுண்டுக்கு வந்துவிட்டார்கள். செகரட்டரி சார் மலையாளத்தில் விதிகளைச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையின் அடியையும் வேறு வீட்டு ஆள் ஒருவர் கூடவே நடந்து எண்ணி அட்டையில் எழுத வேண்டும், சொந்த வீட்டார் எழுதக் கூடாது, முடிவில் பிள்ளை சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாமா மகளின் அட்டை அம்மா கைக்கும், என் அட்டை அத்தை கைக்கும் போயிற்று. எங்களோடு மூன்றாவதாக அடித்தவன் தோட்டக் கணக்கரின் மகன். அவன் அட்டையை எழுதியவர் கிளப் டிரைவர்.

பந்து புதரில் விழுந்தால் எங்கே எடுத்து வைப்பது, ஓடையில் போனால் என்ன என்று எல்லாவற்றையும் செகரட்டரி சார் விளக்கினார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். வீட்டில் ராத்திரியும் பகலும் இதையே பேசிய நாங்களும் அதை அம்மாவிடமோ அத்தையிடமோ சொன்னதில்லை. விளக்கமாகச் சொல்லியிருக்கக்கூடிய அப்பாவைக் குழிக்குக் குழி கொடி பிடிக்க அனுப்பிவிட்டார்கள்.

நான் என் வாழ்நாளில் அன்றைக்கு அடித்த மாதிரி எதையும் ஒழுங்காகச் செய்ததில்லை. மூன்றாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு மேடு இருக்கிறது. அதன் மேல் நின்று அடித்த பந்து எங்கே விழும் என்று எனக்கு அடிப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. மாமா மகளும் விடவில்லை. ஒவ்வொரு அடியையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்றில் முடித்தேன், அவள் நாற்பத்திரண்டு. கணக்கர் மகன் ஓடையில் ஒரு பந்தையும் புதரில் ஒரு பந்தையும் விட்டுவிட்டு நாற்பத்துநான்கில் வந்து சேர்ந்தான். மாமா மகள் என் காதில், "ஏட்டி, பழசு எனக்கு, டியூபை மட்டும் மாத்தித் தரணும்" என்றாள். அத்தை அட்டையை நீட்டினாள். நான் வாலை நீளமாக இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் பரிசுக்குக் கணக்கர் மகனின் பெயரைப் படித்தார்கள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு மேஜைக்கு ஓடினேன். என் அட்டையில் நாற்பத்தேழு இருந்தது. அடிக்கு ஒன்றாக அத்தை கோடு கிழித்திருந்தாள். மணிக்கட்டு வலியோடு கிழித்ததால் கோடுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. குழிக்கு ஒன்று வீதம் ஆறு கோடு கூடுதல்.

"அத்தை கள்ளக் கணக்கு எழுதிட்டா சார்! நா ஜெயிச்சிருவேன்னு அவளுக்குப் பொறாமை. அவ மக ஜெயிக்கணும்னு இப்படிச் செஞ்சிட்டா!" என்று அவ்வளவு பேர் முன்னால் கத்தினேன்.

லயமே அங்கே நின்றிருந்தது. அத்தை ஒடிந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அப்போது, மாட்டிக்கொண்டவளின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குள் மாமா மகள் தன் அட்டையை எடுத்துப் பார்த்திருந்தாள். "எனக்கும் மூணு கூட இருக்கு. நாப்பத்தஞ்சு போட்டிருக்கு" என்றாள். அதை எழுதியது என் அம்மா. இப்போது எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

செகரட்டரி சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் இப்படி என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தைதான் மெதுவாகச் சொன்னாள்.

"பிள்ளைக்குக் கொறஞ்சிரக் கூடாதேன்னு குழிக்கு ஒண்ணு கூடப் போட்டேன் சார்."

"நானும் அப்படித்தான் சார்" என்றாள் அம்மா.

சாருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையிலிருந்த டீ சட்டையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். கோல்பில் குறைவாக அடித்தவர்தான் ஜெயிப்பார் என்று அப்போதுதான் என் அம்மாவும் அத்தையும் தெரிந்துகொண்டார்கள். எங்கள் மூன்று பேரில் சரியாக எழுதப்பட்டது கணக்கர் மகனின் அட்டை ஒன்றுதான். டிரைவருக்கு அவன்மேல் எந்தப் பாசமும் கிடையாது.

"ஒப்பிட்டு போயில்லே மோளே. இனி ஒண்ணும் செய்யான் பற்றில்லா" என்று சார் என் தலையைத் தடவினார். கையெழுத்துப் போட்டாயிற்று, இனி மாற்ற வழியில்லை. அதுவும் கோல்பின் விதிதான். சிவப்புப் பிடி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கணக்கர் மகன் எங்கள் கண் முன்னாலேயே நடந்து போனான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா நின்று நின்று சிரித்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றார்.

"கை போடுததை யாராச்சும் கேட்டுட்டுப் போடுவாங்களா?" என்று அம்மா வெடுக்கென்று சொன்னாள். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

யாரும் கேட்காமலே அம்மா இரண்டு அட்டைகளையும் வாங்கி வந்திருந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"நா மூணுதான் போட்டிருக்கேன்" என்றாள். "மதினி ஆறு போட்டிருக்கா. அந்தக் கைய வச்சுக்கிட்டு." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

மட்டை போன துக்கம் என்று நினைத்து நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "விடும்மா. அடுத்த தடவை இன்னும் கொறச்சு அடிப்பேன். அவ என்ன எழுதுனாலும் ஜெயிக்கிற மாதிரி அடிப்பேன்" என்றேன். அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எந்திரிச்சுப் போயி அத்தைட்டப் பேசிட்டு வாட்டி" என்று மட்டும் சொன்னாள்.

போனேன். அத்தை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி கொதித்து இறங்கியிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் கதவுப் பக்கம் நின்றேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. இடது கையால் ஒரு தட்டை எடுத்து, "உக்காரு பிள்ளே" என்று சோறு போட்டுக் கறி ஊற்றினாள். மாமா மகள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எதைப் பார்த்தாலும் எண்ணுகிற புத்தி எனக்கு. அவள் தட்டில் மூன்று துண்டு. என் தட்டில் நான்கு.

செய்த தப்பை இப்படிச் சரிக்கட்டப் பார்க்கிறாள் என்று புரிந்துகொண்டேன். பாவம் அத்தை, போனால் போகிறது, மன்னித்துவிடலாம் என்று பெரிய மனதோடு முடிவு செய்தேன். நான்கு துண்டையும் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.