பேராலயத்தில் வீடியோ லைட்

எங்கள் வீட்டில் ஒரு பிழை நடந்தால் முதலில் அதை மறைக்கப் பார்ப்போம். மறைக்க முடியாமல் போனால் தம்பியின் தலையில் போட்டுவிடுவோம். அவன் அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். மறுத்துப் பேச அவனுக்கு வாய் இல்லை. இப்படி வளர்ந்த பிள்ளையை, பிழை விட்டவர் தானாகவே கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்ற சட்டமுள்ள இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்னவாகும்? எனக்குப் பத்து வயதில் அதுதான் நடந்தது.

மொன்றியல் நகரின் நடுவில் இருக்கும் ஓர் ஆங்கிலப் பேராலயம் அது. அங்கே ஓர்கன் வாசித்து, பாடகர் குழுவையும் நடத்திவந்தவர் ஓர் ஆங்கிலேயர். நீளமான பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அப்பா அவரை மரியாதையாகச் 'சேர்' என்று கூப்பிட்டதால் எங்கள் வீட்டுக்கு அவர் சேர்தான். மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த எங்கள் சபைக்குச் சொந்தமாகக் கோயில் கிடையாது. நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ் பகுதியில் ஒரு பழைய ஆங்கிலக் கோயிலை ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இரவல் வாங்கிக் கும்பிட்டோம். அந்தக் கோயிலின் ஓர்கன் இழுப்பு வந்த மனிதரைப் போல மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வந்த சேர், நாங்கள் பாடி முடிக்கும்வரை கடைசி வாங்கில், அந்த நீள மர இருக்கையில், இருந்துவிட்டு, என்னைக் காட்டி இந்தப் பிள்ளையைத் தருவீர்களா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா விளங்காமலேயே ஓம் என்று தலையாட்டிவிட்டார். என்னை எதற்குக் கொடுத்திருக்கிறோம் என்பதை வீட்டுக்கு வந்த பிறகு அம்மாதான் அவருக்கு விளக்கினார்.

பேராலயப் பயிற்சியில் யாராவது சுரம் தவறினால் சேர் பாட்டை நிறுத்த மாட்டார். தவறியவர் பாடிக்கொண்டே வலது கையைக் காதுவரை உயர்த்த வேண்டும். உள்ளங்கை முன்னால் தெரிய வேண்டும். 'தெரியும், என்னுடைய பிழைதான், அடுத்தமுறை வராது' என்று அதற்குப் பொருள். சேர் தலையை ஒருமுறை அசைப்பார். கை இறங்கிவிடும். பாட்டு அதுபாட்டுக்குப் போகும். இங்கிலாந்தில் அவர் பாடிய காலத்திலிருந்தே உள்ள வழக்கமாம்.

எனக்கு அது பெரிய தண்டனையாகப் பட்டது. ஊரறியக் கையைத் தூக்கி நான்தான் குற்றவாளி என்று காட்டுவதாவது! என் பக்கத்தில் நின்ற ஹெய்ட்டிக்காரப் பிள்ளை ஒரே பாட்டில் இரண்டுமுறை கையைத் தூக்குவாள், பஸ்ஸை மறிக்கிறவளைப் போல, ஒரு கூச்சமும் இல்லாமல். நான் தூக்கவே மாட்டேன். தவறினால் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பேன். ஒருநாள் சேர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், கை தூக்காதவள் ஒன்று பிழையே விடாதவள், அல்லது விட்ட பிழை தெரியாதவள், நீ இரண்டும் இல்லையே என்று. அடுத்தமுறை காது சுடச்சுடக் கையைத் தூக்கினேன். அவர் தலையசைத்தார். வேறொன்றும் நடக்கவில்லை.

ஆனால் ஆராதனை நேரத்தில் அந்தச் சட்டம் இல்லை. அங்கே கை தூக்கவே கூடாது. ஆராதனையில் நடக்கிற பிழை யார் விட்டதாக இருந்தாலும் அது தன்னுடைய பிழை என்பார் சேர்.

சேர் தன்னைப் பற்றி அதிகம் கதைக்க மாட்டார். தேநீர் இடைவேளைகளில் துண்டுதுண்டாகச் சொன்னதைத்தான் நான் கோத்துவைத்திருக்கிறேன். எங்கள் வயதில் இங்கிலாந்தில் ஒரு பேராலயத்தில் பாடினாராம். குரல் உடைந்ததும் வரிசையிலிருந்து எழுப்பி, ஓர்கன் வாசிப்பவருக்குத் தாள் புரட்ட அனுப்பிவிட்டார்களாம். தாள் புரட்டிக்கொண்டே வாசிக்கப் பழகினார். காலால் மிதிக்கும் கட்டைகள் எட்டாது என்று வாங்கின் விளிம்பில் தொங்கிக்கொண்டு வாசித்தாராம். பிறகு ஒரு பெரிய ஓர்கன்காரருக்கு உதவியாளர். 'சத்தம் அதிகம்' என்பதைத் தவிர அந்த மனிதர் இவரோடு வேறு வார்த்தை பேசியதில்லை. அதன்பிறகு தனக்கென்று ஒரு பேராலயம், ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்து ஒரு பாடகர் சங்கம். மொன்றியலுக்குச் சும்மா ஒரு குளிர்காலம் இருந்து பார்க்க வந்தவர், இந்தப் பிள்ளைகள் பாடிப் பழகட்டும், அந்தப் பிள்ளைகள் பாடிப் பழகட்டும் என்று இருந்து இங்கேயே தலைநரைத்துவிட்டார். ஒரு கிறிஸ்மஸுக்காவது வீட்டில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டதில்லையாம். மற்றவர்கள் கொண்டாடும் நாளில் வேலை செய்கிறவர். எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

அப்பாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை. மத்தியான வேலை முடிந்ததும் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு மெட்ரோவில் பேராலயத்துக்கு வருவார். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா மட்டும் உள்ளே வந்து கடைசி வாங்கில் இருப்பார். யாரோ கொடுத்த பெரிய கோட்டு, அதில் பொரித்த எண்ணெய் மணம். கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நித்திரை என்றே நினைத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஒருமுறை கேட்டே விட்டேன்.

"அப்பா, நீங்க மெட்ரோவுக்குள்ளேயே நிக்கலாம்தானே. அங்க சூடாத்தானே இருக்கு."

"எனக்கு இதுதான் சுகம் புள்ள" என்றார் அப்பா. "நாள் முழுக்கச் சட்டிபானைச் சத்தம். உங்கட பாட்டுக் கேட்டா அது காதுக்குள்ள இருந்து போயிடுது."

ஆனால் என் கூச்சம் போகவில்லை.

ஒரு ஞாயிறு அப்பா வீட்டில் கறி வைத்தார். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு என்று முகத்தைச் சுளித்தார். அப்பா வலது கையைக் காதுவரை தூக்கினார், உள்ளங்கை முன்னால் தெரிய. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பாடகர் குழுவை அப்பா பகிடி பண்ணுகிறார் என்று சாப்பாட்டை விட்டு எழுந்து போனேன்.

அந்த வருடம் சேருக்கு ஓய்வு வயது வந்திருந்தது. கிறிஸ்மஸ் பாட்டு ஆராதனையோடு வேலையை முடித்துக்கொண்டு இங்கிலாந்தில் தங்கையிடம் போவதாக இருந்தார். பேராலயத்து விளக்குகளையெல்லாம் அணைத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் நடக்கும் ஆராதனை அது. முதல் பாட்டின் முதல் அடியை ஓர்கன் இல்லாமல் ஒரு பிள்ளை தனியாகப் பாடும். யார் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். மூன்று பேரைப் பழக்கிவைத்து, கடைசி நொடியில் ஒருத்தியை விரலால் காட்டுவார். நாள் முழுக்கப் பயந்து சாகாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. அந்த மூவரில் ஹெய்ட்டிக்காரப் பிள்ளையும் நானும் இருந்தோம். அந்த விரல் என் பக்கம் வர வேண்டும் என்று எத்தனை இரவு படுக்கையில் வேண்டினேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

மூவரில் ஒருத்தி என்றுதான் வீட்டில் சொன்னேன். அப்பா அதைச் சபையில் சொன்னபோது அது 'மகள்தான் பாடுறா' என்று ஆகிவிட்டது. பார்க் எக்ஸ் கடைகளைச் சுற்றி வந்தபோது, பேராலயத்தில் மகளின் கச்சேரி என்றே ஆகிவிட்டது. நானும் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது! மட்டக்களப்பில் இருக்கும் அத்தைக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று அப்பா வீடியோ அண்ணையையும் பிடித்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஆட்களின் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. ஆராதனைக்கு முன் வாசலில் அப்பா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"தம்பி, லைட் மட்டும் போடாதீங்க. இஞ்ச இருட்டுலதான் எல்லாம்."

"இருட்டுக்குள்ள என்னத்தையண்ணை எடுக்கிறது? சரி, நான் சமாளிக்கிறன், நீங்கள் போங்கோ."

எங்கள் சனம் பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க் கோட்டும், காலில் பனிச் சப்பாத்துமாக வந்து நடு வாங்குகளை நிரப்பியது. யாரோ முறுக்குப் பையைப் பிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது. நாங்கள் வெள்ளை அங்கியில், மெழுகுதிரியோடு பின்வாசலருகே வரிசையில் நின்றோம். விளக்குகள் அணைந்தன. சனம் எழுந்து எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு இருமல் இல்லை. சேர் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்து, சுரத்தை முனகினார். அவருடைய விரல் எழும்பி வந்து என்னைக் காட்டியது.

நான் மூச்சை இழுத்து முதல் வரியைத் தொடங்கினேன். நன்றாகத்தான் வந்தது. குரல் மேலே போய் அந்தக் கூரையில் பட்டுத் திரும்பியது எனக்கே கேட்டது.

வீடியோ அண்ணைக்கு எங்கள் பாட்டு வழக்கம் தெரியாது. ஆனால் சனம் மூச்சுப் பிடித்து நிற்கும் நொடி எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தாலி ஏறும் நேரத்தில் லைட் போடாத வீடியோக்காரரை யார் மன்னிப்பார்கள்? கை தானாகவே போயிருக்க வேண்டும். பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. சேரைக் காணவில்லை, அவர் கையைக் காணவில்லை. என் குரல் நடுவரியில் அறுந்து நின்றுவிட்டது.

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழும்பியது. வீடியோ அண்ணை பதறிப்போய்க் கமராவைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினார். லைட் போய் விழுந்த இடத்தில் அப்பா நின்றார். அந்தப் பெரிய கோட்டோடு, வலது கையைத் தூக்கிக்கொண்டு. கலியாண வீடியோவில் கமரா தங்கள் பக்கம் வந்ததும் கையாட்டுவார்களே, அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. என் மானம் கப்பலேறிவிட்டது. இத்தனை வெள்ளைக்காரச் சனத்துக்கு நடுவில், நான் பாட முடியாமல் நிற்கும்போது, இந்த மனிதருக்குக் கையாட்ட வேண்டிக் கிடக்கிறதே! பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

லைட் அணைந்தது. சேர் மறுபடி சுரத்தை முனகியது கேட்டது. விரல் மறுபடியும் என்னிடம்தான் வந்ததாம். பிறகு ஹெய்ட்டிக்காரப் பிள்ளை சொன்னாள். எனக்காகச் சற்று நேரம் காத்து நின்றதாம். நான் நிமிரவே இல்லை. கடைசியில் அவள்தான் பாடினாள். ஒரு பிழையும் இல்லாமல் பாடினாள்.

ஆராதனை முடிந்ததும் சேர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார். அவருடைய கடைசி ஆராதனை என்பதால் பலர் அழுதார்கள். இதையல்லவா நாங்கள் கெடுத்தோம் என்று எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அம்மாவின் கைகளில் தம்பியும் பலகாரப் பொட்டலமும். அப்பா முன்னால் போனார்.

"சொறி சேர். மை மிஸ்டேக் சேர்."

சேர் அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் வாயில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்று அவருக்குத் தெரியும். அதனால் என் பக்கம் குனிந்து, உன் அப்பாவிடம் சொல் என்றார். உங்கள் கையைப் பார்த்தேன் என்றார். ஆனால் நீங்கள் அதைத் தூக்கியிருக்கக் கூடாது, ஆராதனையில் நடக்கிற பிழையெல்லாம் என்னுடையது, அது இங்கே சட்டம் என்றார்.

"என்ன புள்ள சொல்றார்?" என்று அப்பா கேட்டார்.

எங்களுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் எங்களையே பார்ப்பது போலிருந்தது. சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது எனக்கு. சேர் சொன்னதில் எனக்கு ஏறியது ஒன்றுதான். அதைத்தான் சொன்னேன்.

"நீங்க கை தூக்கினது பிழையாம்."

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. சேரைப் பார்த்து இன்னொருமுறை சொறி என்றார். சேர் என்னையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்த ஒரு மூதாட்டி அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

மெட்ரோவில் அம்மா வீடியோ அண்ணையைத் திட்டித் தீர்த்தார். லைட் போடாதே என்று சொன்ன பிறகும் போட்ட ஆளுக்காக நீங்கள் ஏன் சொறி சொல்ல வேண்டும் என்று அப்பாவையும் விடவில்லை.

"நான்தானே கூட்டிட்டு வந்தன்" என்றார் அப்பா.

தை மாதம் புதிய ஓர்கன்காரர் வந்தார். பயிற்சி மறுபடி தொடங்கியது. அப்பா என்னைப் பேராலய வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, மெட்ரோவுக்குள் இறங்கிப்போய் அங்கே நின்றார். முடிந்ததும் நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். கடைசி வாங்கு காலியாக இருந்தது. இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குப் பெரிய நிம்மதி. ஒருவழியாக அப்பாவுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.