வெயிலில் கம்பளி

எழுபதுகளில் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் என் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த அக்கா, சுள்ளென்ற வெயிலிலும் மழைக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருப்பார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டும். புத்தி சரியில்லை என்றார்கள், நானும் நம்பினேன்.

கணவர் அடித்து என் முகம் வீங்கிய ஒரு காலையில் நானும் கம்பளியோடு போனேன். வானத்தில் மேகமே இல்லை. வெட்கத்தில் செடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அக்காவிடம் மட்டும், "செத்துரலாம்னு இருக்குக்கா" என்றேன்.

"எனக்கும் இருந்துச்சு. மொதல்ல இந்த நிரைய முடிப்போம்" என்றார்.

கங்காணி வந்து என்னை உற்றுப் பார்த்தார். "வெயில்ல என்ன கம்பளி?"

அக்கா முந்திக்கொண்டார். "மழை வருது கங்காணி. இவளுக்கும் நாந்தான் போத்திவிட்டேன்."

எல்லாரும் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கம்பளிக்குள் இருந்த அக்காவின் முகத்தை அதுவரை நானும் சரியாகப் பார்த்ததில்லை.