அப்பாவைச் சிரிக்கவைத்த துருக்கி மாஸ்டர்

சென்ற வாரம் டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில், நாங்கள் முன்பு குடியிருந்த வரிசை வீட்டின் முன்னால், பழைய செடிவேலியைப் பிடுங்கிவிட்டுப் பலகைவேலி போட வந்த ஒருவன் இரும்பு அளவுநாடாவை இழுத்துவிட்டான். ‘சர்ர்ர்’ என்று ஓடி ‘டக்’கென்று அது தன் கூட்டுக்குள் அடங்கிய சத்தத்தில், செத்துப்போனதென்று நான் நம்பியிருந்த ஒரு பொறாமை, ஒன்பது வயதின் அதே சூட்டோடு எழுந்து உட்கார்ந்தது.

அப்படியொரு நாடா துருக்கி மாஸ்டரின் காற்சட்டைப் பையில் எப்போதும் இருந்தது. பக்கத்து வீட்டு ஒஸ்மான் மாமாவின் அண்ணன் அவர். நிலநடுக்க வெடிப்புகளைத் தேடி நடந்தே வாழ்க்கையைக் கழித்த நிலவியல் பேராசிரியர். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓய்வெடுக்க, ஒரு கோடைக்குத் தம்பியிடம் வந்திருந்தார். ஊரில் வாத்தியார்மாரை அழைப்பதுபோல அப்பா அவரை "மாஸ்டர்" ஆக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வரும் அப்பா, வீட்டுக்குள் வராமல் நேரே செடிவேலியடிக்குப் போய்விடுவார். இருவருக்கும் பொதுமொழி ஆங்கிலம். எனக்கோ தமிழும் பள்ளிக்கூடத்து டேனிஷும்தான். பூட்டிய வீட்டு வாசலில் நிற்பவளைப்போல அவர்களுக்கு நடுவே நின்றேன்.

மாஸ்டரின் கதை, அப்பா சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்குச் சொன்னதை ஒட்டுக்கேட்டு எனக்குக் கிடைத்ததுதான். இளம் வயதில், ஒரு பெரிய நடுக்கத்தின் பின், கழுதையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போய், அறுந்த வேலிகளையும் விலகிப்போன மரவரிசைகளையும் ஊர் ஊராக அளந்தாராம். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊர்களில் பிளந்ததெல்லாம் ஒரே நீண்ட வெடிப்பு, அதன் இரு கரைகளும் உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கின்றன என்று சொன்னபோது பெரிய பேராசிரியர்கள் சிரித்தார்களாம். அவர்கள் சிரித்து ஓயும்வரை இவர் நடந்தாராம்.

ஒரு ஊரில், இரண்டு காணிகளுக்கு நடுவில் நேராக நின்ற வேலி, ஓர் அறையின் அகலத்துக்கு விலகிக் கிடந்ததாம். இரவோடிரவாக நீதான் நகர்த்தினாய் என்று ஒருவன் பக்கத்துக் காணிக்காரன்மேல் கோடரியோடு பாய, மாஸ்டர் நடுவில் புகுந்து நாடாவை விரித்து, "ஆரும் தொடேல்லை, பூமிதான் நகர்த்தினது" என்றாராம்.

அதைக் கேட்ட அன்று அப்பா செடிவேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தார். வேலித் தகராறில்தான் ஊரில் பெரியப்பாவோடு அவருக்குப் பேச்சு நின்றிருந்தது.

"எங்கட வேலியையும் பூமிதான் அரக்கினது எண்டு அண்ணைக்கு எழுதப்போறன்," என்றார் அன்று மேசையில்.

"ஓமோம், உங்கட அண்ணை வேலிக்கட்டையளைக் கிண்டிக் கிளப்பின அலவாங்குதான் பூமியதிர்ச்சி," என்றார் அம்மா. "இனிச் சாப்பாட்டையும் மாஸ்டரோடயே வைச்சுக்கொள்ளுங்கோவன்."

நான் சிரிக்கவில்லை. டென்மார்க்குக்கு வந்தபின் அப்பா வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் கண்டதில்லை. அவரைச் சிரிக்கவைக்கக் குளிர்காலம் முழுக்க நான் பட்ட பாடு! டீச்சரைப்போல நடித்தேன், கையுறைகளைக் காதில் மாட்டிக்கொண்டு துள்ளினேன். "நல்லாயிருக்கு பிள்ளை" என்றுவிட்டு சோபாவிலேயே உறங்கிப்போவார். என் கூத்துக்கெல்லாம் வராத சிரிப்பு, எங்கோ அறுந்த ஒரு வேலிக்கு வந்தது.

மறுநாள் செடிவேலியடியில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்: "இவர் எப்ப திரும்பிப் போவார்?"

என்ன கேட்கிறாள் என்பதுபோல மாஸ்டர் பார்த்தார். அப்பா அசராமல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, மாஸ்டர் முகம் மலர்ந்து, மண்ணில் குச்சியால் கோடு கீறி நெடுநேரம் விளக்கினார்.

"அடுத்த நடுக்கம் எப்ப வரும் எண்டு நீ கேட்டதாச் சொன்னனான்," என்றார் அப்பா, வீட்டுக்குள் வந்ததும். "பாவம் மனுசன், அது மட்டும் தனக்குத் தெரியாதாம்."

இன்று அந்தச் செடிவேலி இல்லை, அப்பாவும் இல்லை, ஒஸ்மான் மாமா குடும்பம் எங்கே என்றும் தெரியவில்லை. துருக்கியில் நிலம் அதிர்ந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் வரைபடம் விரியும். இடிபாடுகளைக் கண்டு நெஞ்சு பதறும் அந்த வேளையிலும், வெடிப்பைக் காட்டும் சிவப்புக் கோட்டின்மேல் எனக்கொரு சின்ன எரிச்சல் மிஞ்சிவிடுகிறது. என் அப்பாவின் ஒரு முழுக் கோடையை விழுங்கிய கோடு அல்லவா.

மாஸ்டரை ரயிலேற்ற அப்பாவோடு நானும் போனேன். பெட்டியில் கால்வைக்குமுன் அவர் திரும்பி, அன்றைக்குப் பிள்ளை உண்மையில் என்ன கேட்டாள் என்று விசாரித்தாராம். அப்பா வெட்கத்தோடு உள்ளதைச் சொல்லிவிட்டார். மாஸ்டர் கோபிக்கவில்லை. என்னையே பார்த்தபடி மெல்ல ஏதோ சொன்னார். அந்தக் கோடையில் முதல்முறையாக, அப்பா அந்த இடத்திலேயே குனிந்து எனக்குத் தமிழில் சொன்னார்:

"தன்ர மகள் எப்பவும் ‘எப்ப வருவியள்’ எண்டுதான் கேப்பாளாம். வேற ஆக்களைப் பார்த்து ‘என்ர அப்பாவை விட்டிட்டு எப்ப போவியள்’ எண்டு கேக்கிறதுக்கு, தான் ஒருநாளும் அவளுக்குப் பக்கத்தில இருக்கேல்லையாம்."